கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்: மலையகத்தில் போர்க்காலத் தபால் சேர்ப்பது

பழைய கடித உறை ஒன்று கைக்கு வந்தால் முத்திரையை வெட்டித் தண்ணீரில் ஊறவைப்பது நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். போர்க்காலத் தபாலில் அதைச் செய்யவே வேண்டாம். சிப்பாய்கள் எழுதிய பல கடிதங்களில் முத்திரையே இருக்காது, மேலே 'ஆன் ஆக்டிவ் சர்வீஸ்' (போர்ப்பணியில்) என்று எழுதி இலவசமாகப் போனவை அவை. படையோடு இயங்கும் களத் தபால் நிலையத்தின் எண் உள்ள சீல், கடிதத்தைத் தணிக்கை செய்தவரின் சென்சார் சீல், பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டிய காகிதப் பட்டை, இவைதான் அதன் மதிப்பு. பத்தாம் வகுப்பில் நான் வெட்டிய ஓர் உறையின் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பாதி சீல்தான் தெரிகிறது, எந்த முகாம் என்று சொல்ல வழியே இல்லை.

சரி, எங்கே தேடுவது? கடிதம் எழுதிய இடத்தில் இருக்காது, போய்ச் சேர்ந்த இடத்தில்தான் இருக்கும். 1900 ஆகஸ்ட் முதல் தியத்தலாவை முகாமில் தென்னாபிரிக்கப் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட ஏறக்குறைய 5000 போயர் கைதிகள் இருந்தார்கள், அவர்கள் எழுதியவை தென்னாபிரிக்காவுக்குத்தான் போயிருக்கும். 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்த பிறகு அங்கிருந்து போனவையும் அப்படித்தான், வெளிநாட்டு ஏலங்களில் பாருங்கள். இங்கே கிடைக்கக்கூடியது வெளியிலிருந்து வந்த தபால். 1914இல் தோட்டத் துரைமார் படை எகிப்துக்குப் போனதே, அவர்கள் பங்களாவுக்கு எழுதிய கடிதம் மாதிரி. பழைய பங்களா சாமான் விற்கும்போது பிஸ்கட் டின், டிரங்குப் பெட்டி எதையும் திறந்து பார்க்காமல் விடாதீர்கள். உள்ளே கடிதம் இருந்தால் உறையோடு சேர்த்தே வாங்குங்கள், ஏனென்றால் களத் தபால் சீலில் பெரும்பாலும் ஊர்ப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எழுதியவர் மழையைப் பற்றியோ மலையைப் பற்றியோ ஒரு வரி எழுதியிருந்தால், எங்கிருந்து எழுதினார் என்பதற்கு அதுவே துப்பு.

முத்திரை என்று பார்த்தால் 1918இல் ஐந்தாம் ஜோர்ஜ் முத்திரைகள் மேல் 'வார் ஸ்டாம்ப்' என்று அச்சடித்து வந்தவை முக்கியம்: 2, 3, 5 சதம், அப்புறம் 5 சதத்தை 1 சதமாக மாற்றியது. சாதாரணமானவை மலிவு. தலைகீழ் அச்சு என்று யாராவது பெரிய விலை சொன்னால் பத்து மடங்கு லென்சில் பாருங்கள். உண்மையானதில் அச்சு முதலில் விழுந்தது, தபால் சீல் அதன் மேல் ஏறியிருக்கும். சீலின் மை அடியில் போய், எழுத்து அதன் மேல் பளிச்சென்று உட்கார்ந்திருந்தால் வாங்காதீர்கள். சீலின் தேதி 1918க்கு முந்தியதென்றால் பேசவே தேவையில்லை.

ஆறாம் ஜோர்ஜ் காலத்து 2 சதம் ரப்பர் பால் வெட்டும் படம், 3 சதம் சிவனொளிபாத மலைப் படம், இரண்டிலும் துளை அளவுதான், அதாவது விளிம்பில் இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்பதுதான், விலையைத் தீர்மானிக்கிறது. 2 சதத்தில் 11க்கு 11½ எங்கும் கிடைக்கும், 13½ அரிது. துளை அளவுகோல் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் நம் பனி. நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஈரத்தில் முத்திரைப் பசை தானாக இளகி ஒட்டிக்கொள்ளும். ஆல்பத்தை வெளிச்சுவரோரம் வைக்காமல் உள் அலமாரியில் நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் பையை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பிவிசி உறை வேண்டாம், பாலியஸ்டர் போதும். லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். சென்சார் பட்டை ஒரு பக்கம் தூக்கியிருந்தால் செலோடேப் ஒட்டாமல், அது இருக்கிறபடியே உறைக்குள் போட்டு வையுங்கள்.