பழைய ஜியான் சர்வர் புராசஸரா, புது லேப்டாப்பா? நீங்களே அளந்து பார்க்கும் முறை

"14 கோர், 28 த்ரெட், சர்வர் புராசஸர், விலையும் குறைவு" என்று கடையில் சொன்னதும், 6 கோர் லேப்டாப் வாங்கப் போனவர் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். (கோர் என்பது புராசஸருக்குள் வேலை செய்யும் ஒரு தனிப் பகுதி; த்ரெட் என்பது ஒரே நேரத்தில் அது கையாளும் வேலை வரிசை.) நெல்லையில் இந்தக் கேள்வி அதிகம் வருவது இரண்டு பேருக்கு: கோயில் கொடை விழா, கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கும், புராஜெக்டுக்காக மெஷின் தேடும் கல்லூரி மாணவர்களுக்கும். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு நிச்சயம் காசு வீண். உங்கள் வேலையைக் கொடுத்து, பத்தாவது நிமிடத்தில் வரும் எண்ணைப் பார்த்து, முழு மெஷின் விலையோடு கரண்ட் பில்லையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அதற்கு ஒரு நாள் மாலை போதும்.

உதாரணத்துக்கு இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று இன்டெல் ஜியான் இ5-2680 வி4. 2016-இல் வந்தது, 14 கோர், 28 த்ரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போ (தற்காலிக உச்ச வேகம்) 3.3, கேஷ் (புராசஸருக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) 35 எம்பி, 120 வாட். மற்றது ஏஎம்டி ரைசன் 5 5600ஹெச். 2021-இல் வந்த லேப்டாப் புராசஸர். 6 கோர், 12 த்ரெட், 3.3 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 16 எம்பி, 45 வாட்.

படி 1: பெயரைப் படியுங்கள்

லேப்டாப் புராசஸர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'யு' என்றால் பெரும்பாலும் 15 வாட், மெல்லிய லேப்டாப்புக்கு. இன்டெலில் 'பி' என்றால் 28 வாட். 'ஹெச்' என்றால் 45 வாட் அளவில், கனமான லேப்டாப்பில் வரும். ஒரே 'ரைசன் 5' என்ற பெயரில் 5500யு-வும் உண்டு, 5600ஹெச்-சும் உண்டு. இரண்டிலும் 6 கோர்தான்; ஆனால் 5500யு முந்தைய தலைமுறை வடிவமைப்பு, எல்3 கேஷ் பாதி, வாட் மூன்றில் ஒரு பங்கு. பில்லில் 'ரைசன் 5' என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

ஜியானில் கடைசியில் இருக்கும் 'வி' எண் முக்கியம். இ5-26 வரிசையில் வி எண் இல்லாததும் வி2-வும் பழைய 2011 சாக்கெட் (போர்டில் புராசஸர் உட்காரும் இடம்). பொதுவாக டிடிஆர்3 ரேமோடு வரும். வி3, வி4 இரண்டும் 2011-3 சாக்கெட். 2011 போர்டில் 2011-3 சில்லு உட்காராது, 2011-3 போர்டில் 2011 சில்லும் உட்காராது. வி3-க்கென்று வந்த போர்டில் வி4 போட்டால், பயாஸ் (போர்டின் தொடக்க மென்பொருள்) அப்டேட் இல்லாமல் திரை கறுப்பாகவே நிற்கலாம்.

செகண்ட்ஹேண்ட் ஜியானைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, மேல் தகட்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். பேஸ்ட் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். 'இ5-2680 வி4' என்ற பெயரும், அதனுடன் 'எஸ்ஆர்2என்7' என்ற குறியும் இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று இருந்தால் அது விற்பனைக்கு முந்தைய சோதனைச் சில்லு. வேகம் குறைவாக இருக்கலாம், சில போர்டுகள் அதை ஏற்காமலும் போகலாம். என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

படி 2: ஒரு கோர், எல்லாக் கோர், தனித்தனியே அளப்பது

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிசான நடவுக்கு வயலில் 14 பேர் இறங்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மடையைத் திறந்துவிட 14 பேர் வரப்பில் நின்றாலும் மண்வெட்டி பிடிப்பவர் ஒருவர்தான். அவர் கை வேகம்தான் கணக்கு. கணினி வேலையும் இப்படி இரண்டு வகை. டாலியில் என்ட்ரி போடுவது, எக்செல், பிரவுசர், ஆட்டோகேடில் படம் வரைவது எல்லாம் பெரும்பாலும் ஒரு கோரின் வேகத்தை நம்பியவை. பிளெண்டரில் ரெண்டர் செய்வது, சாஃப்ட்வேர் முறையில் வீடியோ எக்ஸ்போர்ட், பெரிய புரோகிராம் கம்பைல், ஒரே மெஷினில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஓட்டுவது ஆகியவை எல்லாக் கோரையும் வேலை வாங்கும்.

அளக்க செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் போதும். அதைத் திறந்து, 'டூல்ஸ்' மெனுவில் 'பெஞ்ச்மார்க்' தேர்ந்தெடுங்கள். டிக்ஷனரி அளவை 32 எம்பி என்று இரண்டு மெஷினிலும் ஒன்றாகவே வையுங்கள். முதலில் த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கி 'ரீஸ்டார்ட்' அழுத்துங்கள். மேல்பாதியில் சுருக்கும் வேகம், கீழ்ப்பாதியில் விரிக்கும் வேகம், அடியில் 'டோட்டல் ரேட்டிங்' என்று மொத்த மதிப்பெண் வரும். அதைக் குறித்துக்கொண்டு, பிறகு த்ரெட்டை உச்ச அளவுக்கு ஏற்றி மறுபடி ஓட்டுங்கள்.

ஒரு த்ரெட்டில் ரைசன் தெளிவாக முந்தும். கிகாஹெர்ட்ஸ் அதிகம் என்பது மட்டும் காரணமில்லை. புதிய வடிவமைப்பு ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலையை முடிக்கிறது. இரண்டையும் 3.3-இல் ஓட்டினாலும் ஜியான் பின்தங்கும். எல்லா த்ரெட்டிலும் ஓட்டினால் ஜியான் எட்டிப் பிடிக்கும், வேலையைப் பொறுத்து முந்தவும் செய்யும். 14 கோரும் சேர்ந்து உழைக்கும்போது அது 3.3-இல் நிற்காமல் அதற்குக் கீழே இறங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எண் தப்பாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது லேப்டாப்பின் ரேம். ஒரே ரேம் போட்டு விற்ற லேப்டாப்பில் ஒரு சேனல்தான் (ரேமுக்கும் புராசஸருக்கும் நடுவே உள்ள பாதை) ஓடும். செவன்-ஜிப் ரேமை அதிகம் நம்பும் சோதனை என்பதால் மதிப்பெண் நன்றாகவே இறங்கிவிடும். ஜியானுக்கு 4 சேனல் உண்டு, ஆனால் 4 ரேம் போட்டால்தான். சில மலிவுப் போர்டுகளில் 4 ஸ்லாட் இருந்தும் 2 சேனல் மட்டுமே இணைந்திருக்கும். சிபியு-இசட் மென்பொருளில் 'மெமரி' பக்கத்தில் 4 சேனல் (பழைய பதிப்பில் 'குவாட்') என்று காட்டுகிறதா பாருங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிவிட்டு அளப்பதும் மறக்கக் கூடாது. பேட்டரியில் ஓட்டி வந்த எண்ணைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

படி 3: பத்தாவது நிமிடம்

லேப்டாப்பின் முதல் அரை நிமிட எண்ணை நம்பாதீர்கள். உதாரணமாக இன்டெலின் ஐ5-1240பி 28 வாட் புராசஸர். ஆனால் தொடக்கத்தில் 64 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. கொஞ்ச நேரம் பாய்ந்து ஓடிவிட்டு, பிறகு 28 வாட் அளவுக்கு இறங்கிவிடும். கடைக்காரர் காட்டும் சோதனை பெரும்பாலும் அந்தப் பாய்ச்சல் நேரத்திலேயே முடிந்துவிடும்.

இதோடு நம்மூர் வெயிலும் சேரும். கூலர் செய்வதெல்லாம் அறைச் சூட்டுக்கு மேல் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான். அறை 24 டிகிரியில் இருக்கும்போது 85-இல் நிற்கும் புராசஸர், அக்னி நட்சத்திர நாளில் பாளையங்கோட்டை மாடி அறையில் 36 டிகிரி இருந்தால் கிட்டத்தட்ட 97-ஐத் தொடும். பல இன்டெல் லேப்டாப் புராசஸர்களுக்கு 100 டிகிரி எல்லை. அதை நெருங்கியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டவர் கேபினட்டில் பெரிய கூலரோடு உட்கார்ந்த ஜியானுக்கு இந்த நெருக்கடி குறைவு. இதுதான் அதன் உண்மையான பலம் என்பேன்: மணிக்கணக்கில் ஒரே வேகம்.

எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து, சிபியு வெப்பம், பேக்கேஜ் பவர், கோர் வேகம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செவன்-ஜிப் சோதனையை 10 நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். 1, 5, 10-ஆம் நிமிட எண்களை எழுதுங்கள். முடிந்தால் மதியம் 2 மணிக்கு, ஏசி இல்லாமல். லேப்டாப் மேசை மேல் இருக்கட்டும். பத்தமடைப் பாயிலோ மெத்தையிலோ வைத்தால் அடியில் காற்று இழுக்கும் துளை அடைபட்டு, அளவே கெட்டுவிடும்.

படி 4: உங்கள் சொந்த வேலை

ஒரு 5 நிமிட வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, ஒரே அமைப்பில் இரண்டிலும் மாற்றி, நேரத்தைக் குறியுங்கள். இதை இரண்டு தடவை செய்யுங்கள்: ஒன்று சாஃப்ட்வேர் முறையான எக்ஸ்264, இன்னொன்று ஹார்டுவேர் முறை. இந்த ஜியானுக்குள் கிராபிக்ஸே கிடையாது, வீடியோ மாற்றும் சுற்றும் இல்லை. லேப்டாப்பின் ரைசனுக்குள் இரண்டும் உண்டு. கொடை வீடியோவை அன்றைக்கே யூடியூபில் ஏற்ற வேண்டும் என்றால் லேப்டாப் ஹார்டுவேர் முறையில் சட்டென்று முடித்துவிடும். அதே கோப்பு அளவில் தரம் கூடுதலாக வேண்டும் என்று எக்ஸ்264-ஐ மெதுவான அமைப்பில் ஓட்டுகிறவருக்கு ஜியானின் 14 கோர் உதவும்.

படி 5: முழு மெஷின் விலை

ஜியான் சில்லு மட்டும் மலிவு. அதோடு போர்டு, 4 ரேம், கூலர், எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் தரும் பெட்டி), கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ் அத்தனையும் எழுதிக் கூட்டுங்கள். லேப்டாப் விலையில் திரையும் பேட்டரியும் ஏற்கெனவே அடக்கம்.

பிறகு மொத்த ரூபாயைப் பத்தாவது நிமிட மதிப்பெண்ணால் வகுங்கள். முறை புரிவதற்காக மட்டும் சில எண்கள்: ஜியான் செட் 48,000 ரூபாய், மதிப்பெண் 60 என்றால் ஒரு புள்ளிக்கு 800 ரூபாய். லேப்டாப் 55,000, மதிப்பெண் 50 என்றால் 1,100. ஒரு த்ரெட் மதிப்பெண்ணுக்கும் இதே கணக்கு: ஜியானுக்கு 4 என்றால் 48,000-ஐ 4-ஆல் வகுத்து 12,000, லேப்டாப்புக்கு 5.5 என்றால் 55,000-ஐ 5.5-ஆல் வகுத்து 10,000. பார்த்தீர்களா, எந்த வேலை என்பதைப் பொறுத்து மலிவானது மாறிவிடுகிறது. உங்கள் வேலை எந்த வகையோ அந்த வரியை மட்டும் பாருங்கள்.

படி 6: கரண்ட்

வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் வைத்து அளப்பது நல்லது. ஜியான் மெஷின் சராசரியாக 150 வாட், லேப்டாப் 40 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி, 60 நாள் என்றால் 480 மணி. ஜியானுக்கு 72 யூனிட், லேப்டாப்புக்கு 19 யூனிட். வித்தியாசம் ஒரு பில்லுக்கு 53 யூனிட். இந்த 53 யூனிட் உங்கள் பில்லின் உச்சியில் போய் உட்காரும் என்பதால், நீங்கள் தொடும் கடைசி அடுக்கின் விலையால் பெருக்குங்கள். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும் விளிம்பில் இருக்கும் வீடு என்றால் கூடுதல் கவனம் தேவை.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் தொடரும். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஜியான், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் மூன்றும் முழு வேகத்தில் ஓடினால் அந்த எல்லையை ஒட்டி நிற்கும். ரெண்டரைப் பாதியில் இழக்க வேண்டாம் என்றால் 1 கேவிஏ பாருங்கள்.

வாங்கும் முன்

இ5 வி4 வரிசை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உபுண்டு போன்ற லினக்ஸில் ஜியான் தடையில்லாமல் ஓடும். அதனால் கோடிங், விர்ச்சுவல் மெஷின் என்று பழகும் மாணவருக்கு இது குறையாகத் தெரியாது. டாலியும் அடோபியும் ஓட்டுகிற ஸ்டுடியோவுக்குத் தெரியும்.

சர்வர் ரேம் பெரும்பாலும் 'ரெஜிஸ்டர்டு ஈசிசி' வகை. சாதாரண டெஸ்க்டாப் ரேமை அதோடு கலந்து போட்டால் மெஷின் ஆன் ஆகாது. இந்தச் சர்வர் ரேமைப் பின்னால் சாதாரண டெஸ்க்டாப்புக்கு மாற்றவும் முடியாது. இந்த ஜியானுக்கென்று வரும் மலிவு எக்ஸ்99 போர்டுகள் சிலவற்றில் ஸ்லீப் போட்டால் திரும்ப எழாத கோளாறு உண்டு, அதைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். 10 நிமிடச் சோதனை ஓடும்போது சாக்கெட் பக்கத்து ஹீட்சிங்கை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அங்கே ஒரு சின்ன ஃபேன் வைத்துத் தரச் சொல்லுங்கள். போர்டின் மாடல் எண்ணையும் புராசஸர் தகட்டில் இருந்த குறியையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நாளை பயாஸ் தேடும்போது அந்த எண் இல்லாமல் எந்த ஃபைலை ஏற்றுவது என்று தெரியாது.