கால் பெடல் இல்லாத ஆர்கனுக்கு எளிய பரோக் உருப்படிகள்: எதை எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது

குமரி மாவட்டத்துச் சபைகளில் ஆர்கன் என்றால் பெரும்பாலும் 61 கீ உள்ள கீபோர்டுதான். காலால் வாசிக்கும் பெடல் பலகை கிடையாது, கைக்கு இரண்டு அடுக்கும் கிடையாது. பரோக் இசை, அதாவது ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை, பழகத் தொடங்குகிறவர் உருப்படி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இசையமைத்தவரின் புகழைப் பார்த்து எடுத்தால் மூன்றாம் வாரமே நோட்டு அலமாரிக்குப் போய்விடும்.

அப்படிப் போவதில் முதல் இடம் பாக்கின் டி மைனர் டொக்காட்டாவுக்கு. தொடக்கத்து மூன்று பார்களை யாரும் கையில் பிடித்துவிடலாம். பின்னால் வரும் ஃபியூகுக்கு, அதாவது ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நடத்தும் பகுதிக்கு, விரலும் காலும் வருடக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். அடுத்த ஏமாற்று அவருடைய எஃப் மைனர் கோரல் முன்னிசை (ஜெர்மன் சபைப் பாட்டின் மெட்டை வைத்து எழுதியது), பி.டபிள்யூ.வி. (பாக் உருப்படிகளின் பட்டியல் எண்) 639. மெதுவாக நகர்கிறது, மூன்றே குரல் (ஒரே நேரத்தில் தனித்தனியாக நடக்கும் சுர வரிகள்), பார்க்கச் சாது. ஆனால் மெட்டுக்கு ஓர் அடுக்கு, ஓடும் இடக்கைக்கு இன்னொன்று, பேஸுக்குக் கால் என்று மூன்று இடம் கேட்கும். 1720-இல் தன் மூத்த மகனுக்காகத் தொடங்கிய பாடப் புத்தகத்தில் பாக் எழுதிய பி.டபிள்யூ.வி. 691 பெடல் இல்லாதது, மிகச் சின்னது. அதிலோ அலங்காரச் சுரங்கள் நெருக்கிக் கிடக்கின்றன. பாக்கைச் சற்றுப் பொறுத்து எடுக்கலாம்.

கருவியின் எல்லையைப் பற்றிக் கவலை வேண்டாம். பரோக் கால ஆர்கனில் கைக்கான கீ வரிசை பொதுவாக நான்கு ஆக்டேவ்தான். 61 கீயில் ஐந்து ஆக்டேவ் இருக்கிறது. இடது கோடியில் உள்ள சி, அந்தக் கால ஆர்கனின் அடிமட்ட சி-யேதான். ஆக்டேவ் பட்டனும் டிரான்ஸ்போஸும் பூஜ்யத்தில் இருந்தால் நோட்டில் உள்ளதை உள்ளபடியே வாசிக்கலாம். ஆர்மோனியத்தில் இது நடக்காது. 42 கீ என்றாலும் மூன்றரை ஆக்டேவ்தான், அதோடு ஒரு கை துருத்தியிலேயே இருக்கும்.

நோட்டைப் பார்த்ததும் கணிப்பது

வாசிக்கும் முன்பே ஒரு பக்கத்தைப் பார்த்து உருப்படி நமக்கு ஆகுமா என்று சொல்லிவிடலாம். ஸ்டாஃப், அதாவது ஐந்து கோட்டு வரி, எத்தனை வரிசை என்று பாருங்கள். மூன்று என்றால் மூன்றாவது பெடலுக்கு, இப்போதைக்கு ஒதுக்குங்கள். இரண்டு வரிசைதான் என்றாலும் கீழ் ஸ்டாஃபில் பெடல் என்று குறித்திருக்கிறதா, இடக்கைக்கு ஆக்டேவுக்கு மேல் விரிய வேண்டிய இடம் வருகிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது குரல் எண்ணிக்கை. ஒரே நேரத்தில் இரண்டு குரல் நடந்தால் தொடக்கக்காரருக்கு ஏற்றது. மூன்று குரல் ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு. நான்கு குரல் ஃபியூக் இப்போது வேண்டாம். பாமாலையை நான்கு குரலில் வாசிப்பவர்கள் இதில்தான் சறுக்குவார்கள். பாமாலையில் நான்கு குரலும் பெரும்பாலும் சேர்ந்தே அடியெடுத்து வைக்கும். ஃபியூகில் ஒவ்வொன்றும் தன் போக்கில் போகும். ஒரே கையில் ஒரு விரல் பிடித்திருக்க, மற்ற விரல்கள் நகர வேண்டும்.

ஸ்கேல் இரண்டு சார்ப் அல்லது இரண்டு ஃப்ளாட்டைத் தாண்டாமல் இருக்கட்டும். சி, ஜி, டி, எஃப் மேஜரும் ஏ, டி, ஈ, ஜி மைனரும் போதும், அதற்குள்ளேயே ஏராளமாக இருக்கிறது. சபையில் எல்லாவற்றையும் சி-யில் வாசித்து டிரான்ஸ்போஸ் பட்டனால் சுருதி மாற்றிப் பழகியவர்கள் இங்கே அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கும். கொயரில் சோல்ஃபா (டோ, ரே, மி எழுத்து நோட்டு) பார்த்துப் பாடியவர்களுக்குக் குரல்களைத் தனித்தனியாகக் கேட்கும் காது ஏற்கெனவே இருக்கும், ஸ்டாஃப் வாசிப்பை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒன்று, பலரும் பார்க்காதது: நடுவில் நிறுத்த இடம் இருக்கிறதா? காணிக்கை எடுத்து முடிய எத்தனை நிமிடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போதகர் எழுந்து நின்றுவிட்டால் அடுத்த எட்டு பாருக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே ஸ்கேலின் முதல் கார்டில் வந்து இளைப்பாறும் இடங்கள் அடிக்கடி வருகிற உருப்படியே ஆராதனைக்கு நல்லது. அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். ஃபியூகை நடுவில் வெட்டினால் பேச்சைப் பாதியில் நிறுத்தியதுபோல் அந்தரத்தில் தொங்கும்.

முதலில் எடுக்க வேண்டியவை

எங்கள் முதல் சிபாரிசு டொமெனிகோ சிப்போலி. 1688-இல் இத்தாலியில் பிறந்தவர். 1716-இல் ரோமில் ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்குமாக ஒரு தொகுப்பை வெளியிட்டார். அந்த ஆண்டே இயேசு சபையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு தென் அமெரிக்கா சென்று, 1726-இல் இன்றைய அர்ஜென்டினாவின் கோர்டோபா பகுதியில் காலமானார். கோட்டாறுக்கு சவேரியாரை அனுப்பிய அதே சபை. தொகுப்பின் ஆர்கன் பகுதியில் வெர்சோ என்ற குட்டி உருப்படிகள் ஸ்கேல் வாரியாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தை ஒட்டியது. முதலில் டி மைனர் வெர்சோக்களில் மெதுவான ஒன்றை எடுங்கள். பிறகு காணிக்கைக்கென்றே அவர் எழுதிய சி மேஜர் உருப்படி, எழுந்தேற்றத்துக்கான (நற்கருணை மன்றாட்டில் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் நேரம்) எஃப் மேஜர் எலெவாட்சியோனே. கிறிஸ்மஸுக்கு சி மேஜர் பாஸ்டொராலேயின் முதல் பகுதி. அதில் பேஸ் சுரம் நீண்டு நின்றுகொண்டே இருக்கும், இத்தாலியில் மேய்ப்பர்கள் ஊதும் பை வாத்தியத்தின் சுருதி அது. இடக்கை சுண்டுவிரலால் பிடிக்க முடியாத இடத்தில் பார் தொடக்கத்தில் மறுபடி அழுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது இங்கிலாந்து. அந்நாட்டு ஆர்கன்களில் 18-ஆம் நூற்றாண்டு முழுக்கப் பெடல் அரிது. அதனால் அங்கே எழுதியவை நம் கீபோர்டுக்குப் பெரும்பாலும் பொருந்தும். இரண்டு வயதில் பார்வை இழந்த ஜான் ஸ்டான்லி 30 வாலண்டரிகளை (ஆராதனையில் ஆர்கனில் தனியாக வாசிக்கும் உருப்படிகள்), ஓபஸ் (வெளியீட்டு எண்) 5, 6, 7 என்று பத்துப் பத்தாக, 1748 முதல் 1754 வரை வெளியிட்டார். முழு வாலண்டரியையும் எடுக்காதீர்கள். பலவற்றில் தொடக்கத்தில் வரும் மெதுவான பகுதி மட்டுமே ஆராதனை தொடங்குமுன் வாசிக்கப் போதும். அது தேறியபின் டிரம்பெட் பகுதிக்குப் போகலாம். வலக்கையில் ஒற்றை மெட்டு, இடக்கையில் பேஸ், அவ்வளவுதான். ஓபஸ் 6-இன் 5-ஆவது, டி மேஜர், இதற்கு நல்ல உதாரணம்.

திருமணத்துக்குக் கேட்கப்படுவது ஜெரமையா கிளார்க்கின் டி மேஜர் அணிவகுப்பு. நெடுங்காலம் இன்னொரு ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் பெயரில் உலவியது. முதன்மை மெட்டு திரும்பத் திரும்ப வருவதால் மணப்பெண் வாசலிலிருந்து பீடம் வரும்வரை நீட்டவும் குறுக்கவும் வசதி. அலங்காரச் சுரங்களை முதலில் விட்டுவிடுங்கள், தாளம் நொண்டாமல் இருப்பதே முக்கியம்.

பிறகு ஜெர்மானியர். பாகெல்பெல் தன் கடைசி ஆண்டுகளில் நியூரம்பெர்க்கில், மாலை ஆராதனையில் மரியாளின் பாடலுக்காக எழுதிய ஃபியூகுகள் தொண்ணூறுக்கு மேல் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே கைக்கு மட்டும். அவற்றில் ஒரே சுரத்தை வேகமாகத் தட்டும் மெட்டுகளைத் தவிர்த்து, நீண்ட சுரங்களில் தொடங்குபவற்றை எடுங்கள். டெலமான் 1735-இல் கொண்டுவந்த கோரல் தொகுப்பில் ஒவ்வொரு மெட்டுக்கும் இரண்டு வடிவம் உண்டு, ஒன்று மூன்று குரலில், ஒன்று இரண்டு குரலில். இரண்டு குரல் வடிவம் கைகளைப் பிரித்துப் பழக அருமையானது. ஃபிஷரின் அரியாட்னே மூசிகா தொகுப்பு, 20 ஸ்கேல்களில் 20 முன்னிசை–ஃபியூகு ஜோடி. ஃபியூகுகள் சில வரிகளிலேயே முடிந்துவிடும். அதன் ஈ மேஜர் ஃபியூகின் மெட்டைப் பாக் பிறகு எடுத்தாண்டார். முன்னிசைகளில் பெடல் எதிர்பார்க்கப்படுவதால் ஃபியூகுகளை மட்டும் பார்க்கலாம்.

பியானோ கிரேடுக்குப் படித்த பெட்சோல்டின் ஜி மேஜர் மினுவெட் விரலுக்கு நல்லது. ஆனால் அது நடன இசை. வீட்டில் வாசியுங்கள்.

எந்த நேரத்துக்கு எது

ஸ்கேல் பொருத்தம் பார்க்காமல் வாசித்தால் சபை பாட்டை எடுக்கும்போது தடுமாறும். அடுத்து வரும் பாமாலை ஈ ஃப்ளாட் மேஜரில் என்றால், அதற்கு முன் டி மேஜரில் முடிப்பது காதை இழுக்கும். டிரான்ஸ்போஸைப் பயன்படுத்த நியாயமான இடம் இதுதான், +1 வைத்துவிட்டு டி-யிலேயே வாசியுங்கள். முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்தால் அடுத்த பாட்டு அரை சுரம் ஏறிவிடும்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் மெதுவான உருப்படிகளுக்குச் சிறந்த இடம் திருவிருந்து வரிசை. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை மன்றாட்டைக் குரு சொல்லும்போது ஆர்கன் ஒலிக்கக் கூடாது. ஆகவே சிப்போலியின் எலெவாட்சியோனே இன்று நன்மை வாங்கியபின் தியான நேரத்துக்குத்தான் பொருந்தும். தவக்காலத்தில் ஆர்கன் பாடலுக்குத் துணையாக மட்டுமே. தனி வாசிப்புக்கு நான்காம் ஞாயிறும் அக்காலத்தில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. பெரிய வியாழன் வானவர் கீதத்திலிருந்து பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் வரும்வரையும் ஆர்கன் பாடலுக்குத் துணையாக மட்டுமே.

சி.எஸ்.ஐ. சபைகளின் புனித வெள்ளி மும்மணி ஆராதனையில் இதற்கு நேர்மாறு. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு இடையில் சின்ன மைனர் உருப்படிகள் நிறையத் தேவைப்படும். ஈ மைனர், ஜி மைனர் வெர்சோக்களை அதற்கென்று சேர்த்து வையுங்கள். ‘இரத்தம் காயம் குத்தும்’ பாமாலையின் மெட்டு 1601-இல் ஹாஸ்லர் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது. அதே மெட்டில் பாக்கின் பி.டபிள்யூ.வி. 727 இருக்கிறது. ஒரே பக்கம்தான், ஆனால் பெடல் வேண்டும். அதற்கு வழி கீழே.

கீபோர்டைத் தயார் செய்வது

ஸ்டைல், ஆட்டோ கார்டு, சஸ்டெய்ன் மூன்றையும் அணையுங்கள். சஸ்டெய்ன் பெடலைக் கழற்றியே வைத்துவிடலாம், இல்லாவிட்டால் கால் தன்னால் போகும். டச் ரெஸ்பான்ஸை நிலையானதாக மாற்றுங்கள். ஆர்கனில் அழுத்தத்தால் ஒலி கூடாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் தூசியும் கீக்கு அடியிலுள்ள ரப்பர் தொடுமுனையில் படிந்தால், ஒரு கீ மட்டும் திடீரென்று உரக்க அடிக்கும். டச்சை நிலையாக்கினால் அது தெரியாது. அறவே ஒலிக்காத கீயை அது சரிசெய்யாது. உருப்படி தேர்ந்தெடுக்கும் முன் 61 கீயையும் ஒருமுறை மெல்ல அழுத்திப் பாருங்கள்.

ஒலியில் பைப் ஆர்கன் வகையில் எளிமையானதை எடுங்கள். நடுங்கும் ஜாஸ் ஆர்கன் வேண்டாம். எல்லாக் குழாயும் சேர்ந்து முழங்கும் ஒலியில் உள்குரல்கள் அமுங்கிவிடும். மிக்சரில் எக்கோவை நீக்கி, பேஸையும் குறைத்துவிடுங்கள். கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா ஆலயம்போல் கூரை உயர்ந்த இடத்தில் எதிரொலி தானாகவே இருக்கும். அங்கே சுரங்களை இன்னும் சற்று விலக்கி, வேகத்தைக் குறைத்து வாசிக்க வேண்டும்.

பழகும் முறையும் வரும் பிழைகளும்

ஒவ்வொரு குரலையும் தனியாக வாசியுங்கள், கடைசியில் எந்தக் கையில், எந்த விரலில் வருமோ அதே விரலால். பிறகு இரண்டிரண்டாகச் சேருங்கள். மூன்று குரலில் இப்படி மூன்று ஜோடி வரும். மேல்குரலும் பேஸும் சேரும் ஜோடியைத்தான் முதலில் உறுதியாக்க வேண்டும். விரல் எண்ணை நோட்டில் எழுதி, பிறகு மாற்றாதீர்கள். மெட்ரோனோமில் எட்டில் ஒரு பங்குச் சுரத்துக்கு 60 வைத்துத் தொடங்கி, மூன்று முறை பிழையில்லாமல் வந்தால் 4 கூட்டுங்கள்.

பிழைகளில் பெரும்பாலானவை கீயை எடுப்பதில் வருகின்றன. பியானோவில் ஒலி தானே தேயும். ஆர்கனில் விரல் எடுக்கும்வரை அதே அளவில் நிற்கும். முந்தைய கீயில் விரல் ஒரு கணம் தங்கினாலும் அது பிழைச் சுரமாகவே கேட்கும். டை போட்ட (முந்தைய அதே சுரத்தோடு வளைகோட்டால் இணைத்த) சுரத்தை மறுபடி அடித்தால் தாளம் உடைந்துபோகும். ஒரே சுரம் இரண்டு முறை வந்தால் இடையில் இடைவெளி விட வேண்டும், சுரத்தின் கால் பங்கு நேரம் போதும். கடைசிக் கார்டில் எல்லா விரலும் ஒன்றாக எழ வேண்டும். பரோக்கில் பொதுத் தொடுகை முழு ஒட்டலும் அல்ல, வெட்டலும் அல்ல. அடுத்த சுரத்துக்கு முன் மயிரிழை இடைவெளி. பழைய பதிப்புகளில் நீண்ட ஸ்லர் வளைவுகள் இருந்தால், அவை 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் சேர்த்தவையாக இருக்கக்கூடும். ட்ரில்லை (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாறி மாறி வேகமாக அடிப்பது) பெரும்பாலும் மேல் சுரத்திலிருந்து தொடங்குங்கள். முதல் மாதம் முடிவுக்கு முந்தைய ட்ரில் ஒன்று போதும்.

பெடல் உள்ளவற்றுக்கு வழி: சபையில் இரண்டாவது கீபோர்டு இருந்தால் இன்னொருவர் அதில் பேஸ் வரியை மட்டும், ஓர் ஆக்டேவ் கீழும் சேர்ந்து ஒலிக்கும்படி வைத்து வாசிக்கலாம். பி.டபிள்யூ.வி. 727-ஐயும், பாக் எழுதியது என்பதில் ஐயமுள்ள எட்டுச் சிறு முன்னிசை–ஃபியூகுகளையும், பி.டபிள்யூ.வி. 553 முதல் 560 வரை, இப்படி எடுக்கலாம். பேஸ் வாசிப்பவர் வலது பக்கம் உட்கார்ந்தால் முதன்மை வாசிப்பவரின் இடக்கை தெரியாது. இடது பக்கத்தில், அந்தக் கை கண்ணில் படும்படி உட்கார வையுங்கள்.