மெய்டன் காஸில்: மண்கோட்டையில் பலரும் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், டார்செஸ்டர் ஊருக்குத் தென்மேற்கே சுமார் 2.6 கிலோமீட்டரில் இருக்கிறது மெய்டன் காஸில். இந்த மலைக்கோட்டைக்குப் போகிற பலர் மதிலையும் கோபுரத்தையும் தேடி ஏமாறுகிறார்கள். இங்கே மண்தான் அரண். சுண்ணப்பாறையில் அகழி வெட்டி, வெட்டிய மண்ணை அதன் கரையிலேயே மேடாகக் குவித்து, அப்படி ஒன்றைச் சுற்றி ஒன்றாக எழுப்பியிருக்கிறார்கள். உச்சிவெயிலில் போனால் எல்லாம் வெறும் புல்மேடாகத்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ, சாய்ந்த வெயிலில் நிழல் விழும்போது போங்கள். இன்று காணும் உயரத்தையே பழைய உயரமாகக் கொள்ளவும் கூடாது. ஈராயிரம் ஆண்டுகளில் மேடு கரைந்திருக்கிறது, அகழி தூர்ந்திருக்கிறது.

எல்லாம் ஒரே காலத்தில் கட்டியது என்று நினைப்பது அடுத்த தவறு. குன்றின் கிழக்குப் பகுதியில் கி.மு. 600 வாக்கில் எழுந்த முதல் கோட்டை 6.4 ஹெக்டேர்தான். கி.மு. 450 வாக்கில் அதை 19 ஹெக்டேராக விரித்தார்கள். வெளிமேடுகள் பிறகு சேர்ந்தவை.

அவசரமாக உச்சிக்கு ஏறிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. வாயில்களில் நின்று பாருங்கள். நேராக நுழைய வழியே இல்லை. மேடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்துதான் போகவேண்டும். வருகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே நிற்பவர்களின் கவண்கல்லுக்கு இலக்காவான். கிழக்கு வாயிலருகே 22,000-க்கும் மேற்பட்ட கூழாங்கற்கள் குவியலாகக் கிடைத்தன. செசில் கடற்கரையிலிருந்து கொண்டுவந்தவை.

அதே வாயிலில் கிடைத்த எலும்புக்கூடுகளைப் பற்றித்தான் பெரிய தவறு நிலவுகிறது. 1934 முதல் 1937 வரை இங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், உரோமப் படை நடத்திய படுகொலையின் சான்று அவை என்றார். உள்ளம் உருக்கும் கதை. அதனால்தான் இன்னும் நிலைத்திருக்கிறது. ஆனால் 2025-ல் வெளிவந்த போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வின் கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்புப்படி, அவர்கள் ஒரே நாளில் மாண்டவர்கள் அல்லர். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதிவரை, வெவ்வேறு காலங்களில் இறந்தவர்கள். வெட்டுக்காயங்கள் உண்மை, உள்ளூர்ப் பகைகளே அவற்றுக்குக் காரணமாகலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். முதுகெலும்பில் இரும்புமுனை தைத்த எச்சத்தை டார்செஸ்டர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பழைய கதையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

மேடுகளின் சரிவில் நேராக ஏறி இறங்காதீர்கள். புல் தேய்ந்தால் சுண்ணம் வெளிப்படும், மழை அங்கே அரித்துவிடும். நடப்பதற்கென்று விட்டிருக்கும் பாதையே போதும். உலோகம் தேடும் கருவியை அனுமதியின்றி இங்கே பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.