எஞ்சின் நின்னுருச்சா, ப்ரொப்பல்லரோட விளிம்ப காத்துக்கு காட்டுங்க

உச்சிப்புளி பக்கம் இருக்கறவங்களுக்கு டோர்னியர் விமானத்தோட சத்தம் புதுசு இல்ல, ஐஎன்எஸ் பருந்துங்கற கடற்படை விமான தளத்துல இருந்து கிளம்பி கடலுக்கு மேல ஒரு ரவுண்டு போயிட்டு வரும், ரெண்டு எஞ்சின், ரெண்டு ப்ரொப்பல்லர். பாம்பன்ல வத்தை, அதான் சின்ன படகு, வச்சிருக்கற எங்க மாமா ஒருநாள் வலை பிரிச்சிக்கிட்டே அத அண்ணாந்து பாத்து கேட்டாரு, "மாப்ள, ஒன்னு நின்னா இன்னொன்ன வச்சு கரை சேந்துருவாய்ங்கல்ல?" சேந்துரலாம் மாமா, ஆனா நின்ன எஞ்சினோட ப்ரொப்பல்லர் பிளேட விளிம்பு காத்த பாக்கற மாதிரி திருப்பி விடணும், அதுக்குப் பேரு ஃபெதரிங்னேன். நான் பைலட் இல்ல, வீட்ல சிமுலேட்டர்ல ஓட்டுற ஆளு, அதனால இதயும் சிமுலேட்டர்ல பழகுறதுக்கான குறிப்பாவே எடுத்துக்கங்க.

மொதல்ல எதுக்கு திருப்பணும்னு புரியணும், அது புரியாம லிவர மட்டும் மனப்பாடம் பண்ணி பிரயோஜனம் இல்ல. சின்ன வயசுல மாமா வத்தையில பாய் விரிச்சு போய்க்கிட்டு இருக்கப்ப சும்மா இருக்க மாட்டாம துடுப்ப தண்ணிக்குள்ள விட்டேன். அகலப் பக்கம் நேரா தண்ணிய பாத்து நின்னுச்சு, தோள்பட்டையே கழண்டுரும் போல இழுத்துச்சு, வத்தை மூக்கு வேற நான் உக்காந்திருந்த பக்கமா திரும்ப ஆரம்பிச்சிருச்சு. மாமா திட்டிக்கிட்டே வந்து பிடிய கால் சுத்து திருப்பினாரு, அம்புட்டுதான், அதே துடுப்பு கத்தி மாதிரி தண்ணிய கிழிச்சிக்கிட்டு சும்மா கெடந்துச்சு. இழுக்கறதும் போச்சு, திரும்பறதும் போச்சு. விமானத்துலயும் இந்த ரெண்டும்தான் பிரச்சனை.

எஞ்சின் செத்தாலும் ப்ரொப்பல்லர் நிக்காது, எதிர்காத்து அத காத்தாலை மாதிரி சுத்தி விட்டுக்கிட்டே இருக்கும். பாக்கறவனுக்கு ஏதோ வேலை செய்யிற மாதிரி இருக்கும், ஆனா செத்த எஞ்சினோட பிஸ்டனயும் கியரயும் சுத்த வைக்கிற சக்தி எங்க இருந்து வருது, விமானத்தோட வேகத்துல இருந்துதான. பிளேடு தட்டையா, அதாவது அகலப் பக்கம் காத்த பாத்து, இருக்க இருக்க இழுவை கூடும், வேகமா சுத்துற ப்ரொப்பல்லர் அந்த நேரத்துல ஒரு வட்டத் தட்ட காத்துக்கு குறுக்க பிடிச்ச கணக்கு, முழு விமானத்தோட சொந்த இழுவை எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவ இது ஒண்ணே கூட்டிரும். ஏற்கனவே ரெண்டு எஞ்சின்ல ஒன்னு போனா பவர் பாதி போகும், ஆனா மேல ஏறுற திறன் 80 சதவீதத்துக்கு மேல போயிரும், அதுக்கு மேல இந்தப் பாரமும் சேந்தா ஏறறத மறந்துர வேண்டியதுதான். பிளேட கிட்டத்தட்ட 90 டிகிரிக்கு திருப்பிட்டா விளிம்பு காத்த பாத்து நிக்கும், சுத்தறதும் நின்னுரும்.

சரி, எப்படி பண்றது. சிமுலேட்டர்ல பீச்கிராஃப்ட் பேரன் 58 மாதிரி சின்ன ரெட்டை எஞ்சின் விமானம் எடுத்துக்கங்க, 4000 அடிக்கு ஏறுங்க, ஒரு எஞ்சின ஃபெயில் பண்ணுங்க. மூக்கு ஒரு பக்கம் பிச்சிக்கிட்டு போகும், எதயும் தொடாதீங்க, மொதல்ல ரட்டர (வால் சுக்கானோட பெடல்) மிதிச்சு நேராக்குங்க, நல்லாருக்கற எஞ்சின் பக்கமா ரெண்டு மூணு டிகிரி சாச்சுக்கங்க, ஸ்பீடு மீட்டர்ல இருக்கற நீலக் கோட்டுக்கு (ஒத்த எஞ்சின்ல நல்லா ஏறுற வேகம்) வாங்க, பேரன்ல அது 100 நாட் பக்கத்துல. அப்பறம் மிக்ஸ்சர் (எரிபொருள் காத்து கலவை லிவர்), ப்ரொப் (பிளேட திருப்புற நீலத் தலை லிவர்), த்ராட்டில் (பவர் லிவர்) எல்லாம் ரெண்டு பக்கமும் முழுசா முன்னாடி தள்ளுங்க, ஃப்ளாப்பும் (இறக்கைக்கு பின்னாடி இறங்குற தட்டு) சக்கரமும் மேல.

இப்பத்தான் எது செத்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். எந்தக் கால் மிதிக்காம சும்மா கெடக்கோ அந்தப் பக்க எஞ்சின்தான் செத்தது. இதோட விடாதீங்க, அந்தப் பக்க த்ராட்டில மட்டும் மெதுவா பின்னாடி இழுத்துப் பாருங்க, சத்தத்துலயும் இழுப்புலயும் ஒரு மாத்தமும் இல்லன்னா அதுதான். மாத்தம் தெரிஞ்சா நீங்க பிடிச்சிருக்கறது உயிரோட இருக்கற எஞ்சின், உடனே திருப்பி தள்ளுங்க. உறுதியான அப்பறம் அந்தப் பக்க நீலத் தலை ப்ரொப் லிவர பின்னாடி கடைசி வரைக்கும், தடை மாதிரி ஒன்னு தட்டுப்படும் பாருங்க அதையும் தாண்டி இழுங்க. சில செகண்ட்ல பிளேடு திரும்பி நின்னுரும், காலுக்கு கனம் குறையறது அப்படியே தெரியும், ஏறும் முள்ளும் கொஞ்சம் நிமிரும். கடைசியா அந்தப் பக்க மிக்ஸ்சர், எரிபொருள், மேக்னெட்டோ (தீப்பொறி சுவிட்ச்) எல்லாம் ஆஃப்.

நான் மொத தடவ பண்ணப்ப இந்த சரிபாக்கற வேலைய விட்டுட்டேன். பதட்டத்துல நல்லாருந்த எஞ்சின ஃபெதர் பண்ணிட்டு குருசடை தீவுக்கு தெக்க கடல்ல இறங்குனேன், சிமுலேட்டர் பாருங்க, எழுந்து டீ குடிக்க போயிட்டேன். நெசத்துல அப்படி எழுந்து போக முடியாது, 2015 பிப்ரவரி 4ஆம் தேதி தைபேல ட்ரான்ஸ்ஏசியா கம்பெனியோட ஏடிஆர் 72 பயணிகள் விமானத்துல ஒரு பக்கம் தானாவே ஃபெதர் ஆச்சு, கேப்டன் இன்னொரு பக்கத்து நல்ல எஞ்சின நிறுத்திட்டாரு, 43 பேர் போயிட்டாங்க. 2023 ஜனவரி 15 நேபாளத்துல பொக்கராவுல இன்னொரு ஏடிஆர் 72ல ஃப்ளாப் லிவர்னு நெனச்சு ரெண்டு ப்ரொப்பயும் ஃபெதர்ல வச்சுட்டாங்க, எஞ்சின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, 72 பேர். அதான் அவசரமே படாதீங்கங்கறேன், கை எந்த லிவர் மேல இருக்குன்னு வாய்விட்டு சொல்லிட்டு இழுங்க.

இன்னொரு விஷயம். இந்த மாதிரி சின்ன ரெட்டை எஞ்சின்கள்ல ஆயில் அழுத்தம்தான் பிளேட தட்டை பக்கம் தள்ளி வச்சிருக்கும், ஸ்பிரிங்கும் எடைக்கட்டியும் ஃபெதர் பக்கம் இழுக்கும், ஆயில் போனா தானாவே ஃபெதர் ஆகணும்னுதான் இந்த ஏற்பாடு. ஆனா தினம் தரையில எஞ்சின் நிறுத்தறப்பல்லாம் ஃபெதர் ஆயிரக் கூடாதுன்னு 800 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 800 சுத்து) பக்கத்துக்கு கீழ போனா ஊசி மாதிரி ஒரு பின் வந்து பூட்டிக்கும். அதனால எஞ்சின் இறுகி சுத்தறது ரொம்ப கொறஞ்சுட்டா நீங்க என்ன இழுத்தாலும் திரும்பாது. நிதானம் வேணும்னு சொன்னேன், ஆற அமரன்னு சொல்லல. டர்பைன்ல கதை வேற, டோர்னியரோட டிபிஇ331 எஞ்சின்ல காத்து ப்ரொப்பல்லர சுத்த ஆரம்பிச்சா அத உணர்ந்து பிளேட தானா கொஞ்சம் திருப்பி இழுவைய குறைக்கிற ஏற்பாடு இருக்கு, மிச்சத்த பைலட் முடிக்கணும். தூத்துக்குடியிலயோ மதுரையிலயோ ஏடிஆர் ஏறப்போறப்ப நின்னுருக்கற ப்ரொப்பல்லர முன்னாடி இருந்து பாருங்க, ஆறு பிளேடும் ஒல்லியா விளிம்பு மட்டும் காட்டிக்கிட்டு நிக்கும், அதான் ஃபெதர்.

நெச ட்ரெய்னிங்ல 3000 அடிக்கு கீழ முழுசா ஃபெதர் பண்ணி பழக மாட்டாங்க, த்ராட்டில கொஞ்சம் மட்டும் வச்சு தள்ளறதும் இல்லாம இழுக்கறதும் இல்லாத நிலைக்கு கொண்டு வந்து ஃபெதர் ஆன மாதிரி பாவனை பண்ணுவாங்க, சிமுலேட்டர்ல இதயும் ஒருக்கா பழகிக்கங்க.