சுமையைக் கழற்றினால் சேனர் ஏன் எரிகிறது?

"சேர், சுமையைக் கழற்றித்தானே வைத்திருந்தேன், பிறகு எப்படி எரிந்தது?" வெள்ளவத்தையில் என்னிடம் பௌதிகவியல் படிக்கும் உயர்தர மாணவன் கேட்டான். அவன் நீட்டிய பலகையில், வோல்ற்றளவை ஒரே அளவில் பிடித்துவைக்கும் சேனர் இருவாயிக்கு அடியில் தேநீர்க் கறைபோலப் பழுப்பு ஏறியிருந்தது.

கழற்றியதால்தான் எரிந்தது. தொடர்த் தடையி வழியே வரும் மின்னோட்டத்தைச் சுமையும் (சுற்றிலிருந்து மின் எடுக்கும் கருவி) சேனரும் பங்கிட்டுக்கொள்கின்றன. சுமை விலகினால் அதன் பங்கும் சேனரின் தலையில் விழும்.

அவன் செய்தது, முச்சக்கரவண்டியின் 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 5.1 வோல்ற்று எடுக்கும் சுற்று. தடையி 68 ஓம்; 12 வோல்ற்றில் அதன் வழியே வருவது 101 மில்லி அம்பியர், அதில் சுமைக்கு 80. மீதி 21 மில்லி அம்பியர்தானே என்று அதை 5.1 வோல்ற்றால் பெருக்கி, 0.11 வாற்று விரயத்துக்கு அரை வாற்றுச் சேனர் தாராளம் என முடிவு செய்துவிட்டான். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 14.4 வோல்ற்று வரலாம். அப்போது தடையியில் ஓடுவது 137 மில்லி அம்பியர். சுமை இல்லாவிட்டால் அது முழுவதும் சேனருக்கே: 0.7 வாற்று. உள்ளீடு உச்சத்தில், சுமை பூச்சியத்தில். கணக்கை அங்கேதான் தொடங்க வேண்டும்.

தடையியை எல்லோரும் மறக்கிறார்கள். இதே நிலையில் அதில் 1.27 வாற்று வெப்பமாகிறது. அவன் போட்டிருந்ததோ அரை வாற்றுத் தடையி.

இரண்டு அரை வாற்றுச் சேனர்களைப் பக்கம் பக்கமாக இணைத்தால் ஒரு வாற்று ஆகாதா என்றும் கேட்டான். ஆகாது. உடைவு வோல்ற்றளவு (சேனர் மின்னோட்டத்தை விடத் தொடங்கும் அளவு) சற்றுக் குறைந்தது எதுவோ, அதுவே பெரும்பகுதி மின்னோட்டத்தை இழுத்து முதலில் போகும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 1என்4733ஏ என்ற ஒரு வாற்றுச் சேனரை வாங்கினால் தீருமா? அந்த ஒரு வாற்று 50 பாகை செல்சியஸ் வரைக்கும்தான். அதற்குமேல் பாகைக்கு 6.67 மில்லி வாற்று குறையும். கொழும்பு வெயிலில் நிற்கும் வண்டியில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், 85 பாகையைத் தொட்டால் மிஞ்சுவது 0.77 வாற்று. 0.7 வாற்று எரியும் இடத்தில் இது எனக்குப் போதாது. கால்களை நீளமாக விட்டுப் பற்றாசு வைத்தால் நிலைமை இன்னும் மோசம்; வெப்பம் வெளியேறும் வழி அந்தக் கால்கள்தான். குட்டையாக வெட்டி, அகன்ற செப்புப் பரப்பில் ஒட்டுங்கள்.

80 மில்லி அம்பியர் சுமைக்கு நான் சேனரையே வைக்க மாட்டேன். நிலையான 5 வோல்ற்று தரும் 7805 சீராக்கி போதும். சுமை இல்லாத வேளையில் அது தனக்காக எடுப்பது சில மில்லி அம்பியர் மட்டுமே.