பெரிய பகு எண்களில் சறுக்கும் இடங்கள்

67 இரண்டுகளைப் பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 147573952589676412927 வரும். 21 இலக்கங்கள் கொண்ட பகு எண் இது; அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எண்களாலும் மீதியின்றி வகுபடும் எண் (அப்படி வகுபடாதது பகா எண்). பெரிய எண்களில் நாம் செய்யும் தவறுகள் பலவற்றை இந்த ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம்.

முதல் சறுக்கல் கணக்கைத் தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. இந்த எண்ணை எக்ஸெலில் தட்டிப் பாருங்கள். முதல் 15 இலக்கங்கள்தான் நிற்கும், மற்றவை பூஜ்யமாகி 147573952589676000000 என்று மாறிவிடும். ஒற்றைப்படை எண் இரட்டைப்படை ஆகிவிட்டது! அதற்கு அப்புறம் எதால் வகுத்தாலும் நீங்கள் சோதிப்பது வேறொரு எண்ணை. பைத்தான் போல முழு எண்களை எத்தனை இலக்கமானாலும் சிதைக்காமல் வைத்திருக்கும் நிரல்மொழியில் செய்யுங்கள்.

எண் பெரிது என்றால் வகுத்திகளும் நிறைய இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. நம் 21 இலக்க எண்ணுக்கு மொத்தமே நான்கு வகுத்திகள்தான். சின்னஞ்சிறு 360-க்கோ 24. பகாக் காரணிகளின் அடுக்குகள்தான் இதைத் தீர்மானிக்கின்றன: 360 = 2³ × 3² × 5. ஒவ்வோர் அடுக்கோடும் 1-ஐக் கூட்டிப் பெருக்கினால் 4 × 3 × 2 = 24. அந்த 1-ஐக் கூட்ட மறந்து, 6 என்று விடை எழுதுபவர்கள் அதிகம்.

2, 3, 5, 7, 11 எதுவும் வகுக்கவில்லை, அதனால் பகா எண் என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி நடப்பது. 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. இதைப் பகா எண் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் இது 59 × 509. முதல் ஆறு பகா எண்களும் இதை வகுக்காது, அவ்வளவுதான். வகுத்துப் பார்ப்பதென்றால் வர்க்கமூலம் வரை போகவேண்டும். நம் 21 இலக்க எண்ணின் மிகச் சிறிய பகாக் காரணியே 193707721!

வகுக்காமலே சோதிக்கும் வழிகளிலும் கவனம் தேவை. n பகா எண் என்றால், அது வகுக்காத எந்த எண்ணையும் n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். ஆனால் மீதி 1 வந்துவிட்டது என்பதால் மட்டும் n பகா எண் ஆகிவிடாது. 341-ஐப் பாருங்கள். 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. ஆகவே 2³⁴⁰-க்கும் மீதி 1. இருந்தும் 341 = 11 × 31. 3-ஐ வைத்துச் செய்தால் மீதி 56 வந்து குட்டு வெளிப்படும். 561 இன்னும் கெட்டிக்காரன்: தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1-தான்.

என்னை மிகவும் ஈர்ப்பது கடைசித் தவறுதான். 'பகு எண் என்கிறீர்களே, காரணியைக் காட்டுங்கள்' என்று கேட்பது. பகு எண் என்று அறிவதும் காரணி தெரிவதும் ஒன்றல்ல. நம் 21 இலக்க எண்ணான 2⁶⁷ − 1 பகா எண் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் எழுதினார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா அது பகு எண் என்று நிறுவினார், ஒரு காரணிகூடத் தெரியாமலே. அவர் வழியில் வந்த சோதனை இன்றும் பயன்படுகிறது: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை எடுக்கவேண்டும். இப்படி 65 முறை. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இதில் காரணியைத் தேடும் வேலையே இல்லை. 193707721 × 761838257287 என்று அமெரிக்கக் கணிதர் கோல் காட்டியது 1903-இல், 27 ஆண்டுகள் கழித்து.

2-ஐ 1048576 (அதாவது 2²⁰) அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கூட்டினால் வருவது இருபதாம் ஃபெர்மா எண். 315653 இலக்கங்கள். அது பகு எண் என்று 1988-இல் நிறுவப்பட்டுவிட்டது. அதன் ஒரு பகாக் காரணியைக்கூட இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.