வராந்தாவில் நட்சத்திரமும் குடிலும்: தூத்துக்குடி மழைக்கு ஏற்றபடி

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு வீட்டு முகப்பை அலங்கரிக்கிறவர் முதலில் மழையோடு ஓர் உடன்படிக்கை போட்டுக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நிற்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். பண்டிகைக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தபோது நடந்தது அது. அவ்வளவு வேண்டாம், சாதாரணச் சாரலே போதும், கடையில் வாங்கிய காகித நட்சத்திரத்தைக் கூழாக்கிவிட. அதனால் நான் சொல்லப்போவதெல்லாம் நனைந்தாலும் தாங்குகிற, தரையில் படாத அலங்காரம்தான்.

வராந்தாவுக்கு மூன்று பொருள் போதும்: ஒரு நட்சத்திரம், ஒரு குடில், ஒரு வரிசை விளக்கு. நாலாவதாக எது வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றை மறைக்கும். முக்கியமாகப் பனி வேண்டாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மச்சான் ஒருமுறை டப்பாவில் பீய்ச்சும் பனி கொண்டுவந்தார். ஜன்னல் கம்பியில் அடித்தோம், பெயிண்ட் உரிந்ததுபோல இருந்தது. பஞ்சைப் பிய்த்துப் போடுவது இன்னும் மோசம். விளக்குச் சூட்டுக்குப் பக்கத்தில் பஞ்சு இருப்பது ஆபத்து, ஈரத்தில் அது அழுக்குத் திரியாகிவிடும். வெள்ளையாக ஏதாவது குவித்தே ஆக வேண்டும் என்றால் ஊருக்கு வெளியே உப்பளத்தில் மலை மலையாகக் கிடக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

நட்சத்திரத்தை நீங்களே கட்டுங்கள். கடைத் தாள் நட்சத்திரத்தில் குறையொன்றும் இல்லை, ஆனால் மடிப்புக்கு மடிப்பு பசை விட்டுவிடும். மூங்கில் சட்டம் பல வருடம் வரும்.

மூன்றடி அகல நட்சத்திரத்துக்கு மூன்றடி நீளச் சிம்பு பத்து வேண்டும். கூடை முடைகிறவர்களிடம் கேட்டால் மூங்கிலைப் பிளந்தே தருவார்கள். சுண்டுவிரலில் பாதிக் கனம் போதும். கையில் பிடித்து வளைத்தால் வில் மாதிரி வளைய வேண்டும், முறியக் கூடாது. ஒவ்வொரு சிம்பிலும் இரண்டு முனையிலிருந்தும் பதின்மூன்றே முக்கால் அங்குலத்தில் பேனாவால் கோடு போடுங்கள். ஐந்து சிம்புகளை முனையோடு முனை சேர்த்து, கையெடுக்காமல் ஐந்துமுனை நட்சத்திரம் வரைகிற வரிசையிலேயே வையுங்கள். ஒன்றையொன்று வெட்டுகிற இடமெல்லாம் அந்தக் கோடுகளில் வந்து உட்கார்ந்தால் நட்சத்திரம் கோணாது. இந்த அளவைச் சொல்லாமல் "கண் அளவில் கட்டு" என்கிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு நட்சத்திரத்துக்கு ஒரு கால் எப்போதும் நொண்டும். முதலில் ஐந்து முனைகளையும் நூலால் கட்டி, அப்புறம் உள்ளே வெட்டும் ஐந்து இடங்களையும் கட்டுங்கள். தைக்கிற நூல் அறுந்துவிடும். மீன் வலை பின்னுகிற நைலான் நூல் எங்கள் பக்கம் எளிதாகக் கிடைக்கும், ஈரத்துக்கும் அசையாது.

இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளில் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது ஏழு அங்குலக் குச்சிகள் ஐந்து எடுத்து, உள்ளே சிம்புகள் வெட்டும் இடங்களில் இரண்டு சட்டத்துக்கும் நடுவே முட்டுக் கொடுக்க வேண்டும். முதல் குச்சியை நுழைக்கும்போது எல்லாம் தெறித்துவிடும் போலத் தோன்றும். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் கட்டினால் நல்லது. ஐந்தாவது குச்சி நின்றதும் தட்டையாக இருந்த சட்டம் இருபக்கமும் உப்பி, சிம்பெல்லாம் விறைத்து நிற்கும். விரலால் சுண்டினால் சத்தம் வர வேண்டும்.

ஒட்டுவதற்கு மைதா பசை. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டி, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுங்கள். துத்தம் இல்லாவிட்டால் கரப்பான்பூச்சி நட்சத்திரத்தைத் தின்றுவிடும். துத்தம் விஷம், பசைச் சட்டி சமையலுக்குத் திரும்பக் கூடாது, பிள்ளைகள் கைக்கும் எட்டக் கூடாது. தாளுக்குப் பட்டம் விடுகிற தாளே நல்லது. வெளிச்சம் அதில் பரவுகிற அழகு பிளாஸ்டிக்கில் வராது. ஒரு பக்கத்துக்கு ஐந்து முக்கோணம், நடுவில் ஒரு ஐங்கோணம், ஓரங்களுக்குப் பத்து ஒல்லி முக்கோணம். ஓரத்தில் ஒன்றை ஒட்டாமல் விடுங்கள், பல்பு மாட்டவும் கை நுழையவும் வழி வேண்டுமே. நன்றாகக் காய்ந்ததும், பூங்கொத்துச் சுற்றுகிற மெல்லிய கண்ணாடி பிளாஸ்டிக்கால் மேலே ஒரு சுற்று. மழையைத் தாங்குவது இந்தச் சுற்றுதான். நிறம் உங்கள் இஷ்டம். எங்கள் வீட்டில் வெள்ளையும் சிவப்பும், ஏனென்றால் அம்மாவுக்கு வேறு எதுவும் பிடிக்காது.

உள்ளே 5 அல்லது 7 வாட் எல்.இ.டி. பல்பு. பழைய 40 வாட் குண்டு பல்பைப் போட்டால் சூட்டில் தாள் பழுத்துவிடும். பல்பு தாளில் படாதபடி நடுவில் தொங்கட்டும்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிளக் பாயிண்ட் வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும். ஜன்னல் வழியாக வயர் வெளியே வரட்டும். வயரை நேராக இழுக்காமல் பாயிண்டுக்குக் கீழே ஒரு தொய்வு விடுங்கள். வயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. வீட்டுப் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் பலகாரச் செலவைக் குறைத்தாவது அதைப் போடுங்கள். சீரியல் செட்டை ஒன்றோடொன்று மாட்டி நீட்டிக்கொண்டே போகக் கூடாது. கூரை விளிம்பை ஒட்டி ஒரே வரிசை, மஞ்சள் வெளிச்சம், மினுக்காமல் நிலையாக எரிகிற மாதிரி வைத்தால் நட்சத்திரம் எடுப்பாகத் தெரியும். எட்டு விதமாக மினுக்குகிற பெட்டி கூடவே வரும். பிள்ளைகள் கேட்டால் ஒரு நாள் விட்டுக்கொடுங்கள்.

குடில் தரையில் வேண்டாம். இரண்டரை அடி உயர மேஜை போதும். தெருவில் போகிற பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக இருக்கும், தண்ணீர் புகுந்தாலும் தப்பும். 1223ல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் பிறப்புக் காட்சியை அமைத்தபோது அங்கே இருந்தவை வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையும்தான். அதை நினைத்துக்கொண்டால், நூறு பொம்மை வாங்கி அடுக்குகிற ஆசை தணியும். பழப்பெட்டிப் பலகையில் மூன்று பக்கச் சுவர், மேலே பனையோலைக் கூரை. தென்னங்கீற்று அழகுதான், ஆனால் ஈரத்தில் பூஞ்சை பூக்கும், பனையோலை அசராது. காய்ந்த ஓலை முறிந்தால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு மடக்குங்கள். மிச்ச ஓலையில் சின்ன நட்சத்திரங்கள் பின்னி நிலைப்படியில் மாவிலைத் தோரணத்தோடு தொங்கவிடலாம். மணப்பாட்டுப் பக்கம் ஓலைப்பெட்டி முடைகிற பெண்கள் இதைப் பேச்சுவாக்கில் பின்னிவிடுவார்கள்.

பாறைக்குப் பிரவுன் தாளை நன்றாகக் கசக்கி, மீந்த பசையில் காவியும் அடுப்புக்கரியும் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். தெர்மாகோல் பாறை எனக்கு ஒருநாளும் பாறையாகத் தெரிந்ததில்லை.

புல்லுக்குத்தான் முன்யோசனை வேண்டும். ஓரம் உயர்ந்த தட்டில் ஓர் அங்குலம் தேங்காய்நார்க் கழிவும் மண்ணும் கலந்து பரப்பி, இரவு ஊறிய கேழ்வரகை டிசம்பர் 14, 15 வாக்கில் நெருக்கமாகத் தூவுங்கள். இரண்டு நாள் ஈரச் சாக்கு மூடியிருக்கட்டும். முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வெளுத்துச் சாயும். அணில் வரும், மேலே பழைய வலைத் துண்டு ஒன்றைப் போடுங்கள். 24ஆம் தேதி பச்சைப் பசேலென்று நிற்கும். கடுகு சீக்கிரம் முளைக்கும், ஆனால் தலை கனத்துக் கவிழ்ந்துவிடும். பச்சைப்பயறு போட்டால் ஆறு அங்குல மேய்ப்பர் காட்டுக்குள் தொலைந்துபோவார். நாள் போதவில்லையென்றால் மட்டும் கடுகு.

குடிலில் வைக்கிற சுரூபங்கள் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சாரல் பட்டால் பெயிண்ட் கொப்பளிக்கும், அதனால் உள்பக்கமாக, சின்னப் பலகைமேல் வையுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பெயிண்ட் பிரஷால் தூசி தட்டினால் போதும். தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும். குழந்தை இயேசு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான்; வீட்டில் யார் சின்னவரோ அவர் வைக்கலாம், தூங்கி விழுந்தாலும் தூக்கிக்கொண்டு வந்து வைக்கச் சொல்லுங்கள். குழந்தையைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்களை வராந்தாவின் மறுகோடியில், ஜன்னல் திட்டில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்தால் அவர்களுடைய திருநாளான ஜனவரி 6ல் குடிலை அடைவார்கள். ஒட்டகம் ஒருநாள் செருப்பு ஸ்டாண்டில் நிற்கும், பரவாயில்லை.

வாசலுக்குக் கோலம். எங்கள் எதிர்வீட்டு அக்கா மார்கழி முழுக்க விடியுமுன் எழுந்து புள்ளி வைக்கிறவர். 24ஆம் தேதி மாலை எங்கள் வாசலுக்கும் வந்து ஒரு நட்சத்திரக் கோலம் போட்டுவிட்டுப் போவார். கலர்ப்பொடியை மழை கரைத்துவிடும் என்பதால் படிக்கு மேலே, கூரைக்குள் அடங்குகிற அளவில்தான். கேரல்ஸ் பாட வருகிறவர்கள் பத்து இருபது பேர் இருப்பார்கள், டிரம்மும் இருக்கும். அவர்கள் நிற்க இடம் விட்டுக் கோலம் போடச் சொல்லுங்கள், நாற்காலிகளை உள்ளே எடுத்துவிடுங்கள்.

இறக்குவது ஜனவரி இரண்டாவது வாரம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற ஆள் வருமுன். நட்சத்திரத் தாளை ஈரப்படுத்திக் கிழித்தெடுத்து, ஐந்து முட்டுக்குச்சிகளையும் கழற்றினால் சட்டம் தட்டையாகிவிடும், பரணில் செருகலாம். சுரூபங்களைச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு அட்டைப்பெட்டியில் வையுங்கள். சீரியல் செட்டை அட்டைத் துண்டில் சுற்றி வைத்தால் அடுத்த டிசம்பரில் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். கேழ்வரகுப் புல்லைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிடலாம், பசை படாத பகுதியை மட்டும்.